முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?

ஆபீஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதல்லவா? உட்காருங்கள். அதற்குள் ஒரு சின்னப் பரீட்சை வைத்துவிடலாம்.

நீங்கள் ஒரு நர்ஸ். மீசையைத் தடவிப் பார்க்க வேண்டாம், ஆண்களும் நர்ஸ் ஆகலாம். ராத்திரி டியூட்டி. மணி இரண்டு. ஆறாம் நம்பர் படுக்கையின் தலைமாட்டில் இருக்கிற மானிட்டரில் மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று தண்டவாளம் மாதிரி நேராகிவிட்டது. கொய்ங்ங்... என்று அலாரம். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அ) டாக்டருக்கு போன் அடிப்பது.
ஆ) நோயாளியின் நெஞ்சில் கையை வைத்து அழுத்த ஆரம்பிப்பது.
இ) அலாரத்தை நிறுத்துவது.
ஈ) நோயாளியைப் பார்ப்பது.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த யாரும் 'ஆ' என்றுதான் சொல்வார்கள். நேர்க்கோடு வந்தால் அடுத்த ஷாட்டில் வராந்தாவில் நிற்கிற குடும்பம் கதறியாக வேண்டும் என்பது நம் ஊர் சட்டம். ஆனால் சரியான விடை 'ஈ'. திரும்பி நோயாளியைப் பாருங்கள். கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, மூச்சு ஓடுகிறதா, நாடி இருக்கிறதா? அவர் பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்து நெஞ்சைச் சொறிந்துகொண்டிருப்பார். ஸ்டிக்கர் ஒட்டின இடத்தில் அரிப்பு. சொறிந்ததில் ஒயர் கழன்றுவிட்டது. கோடு நேரானது அதனால்தான். பார்க்காமல் நீங்கள் பாய்ந்து அமுக்கியிருந்தால், சும்மா இருந்தவருக்கு விலா எலும்பு முறிந்திருக்கும்.

மெஷினைப் பார்க்காதே, மனுஷனைப் பார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நர்ஸிங் பரீட்சையில் பாதிக் கேள்விகளைத் தாண்டிவிடலாம் என்கிறான் என் அக்கா பையன்.

அவன் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். நோயாளிகள் அவனை 'பிரதர்' என்பார்கள். அவசரத்தில் சிலர் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான். கவர்ன்மென்ட் வேலைக்காக விடாமல் பரீட்சை எழுதுகிறான். தமிழ்நாட்டில் 2012-ல் அமைத்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு ஒரு பக்கம். எய்ம்ஸ் 2020 முதல் நடத்துகிற 'நார்செட்' இன்னொரு பக்கம். அதில் தப்பாக ஒரு விடை எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். 'ஒண்ணா, ரெண்டா, மூணா' போட்டு டிக் அடிக்கிற வித்தையெல்லாம் அங்கே எடுபடாது.

டியூட்டி முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, கேள்வித் தொகுப்பை என் கையில் கொடுப்பான். "மாமா, நீங்க கேளுங்க. நான் சொல்றேன்" என்பான். நான் படிக்க, அவன் விடை சொல்ல, எங்கள் வராந்தாவில் தினம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கச்சேரி களைகட்டும். மூன்றாவது வித்வான் ஒருவர் உண்டு. மாடி வீட்டு சூபரின்டெண்டென்ட் சார். 34 வருஷம் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். அவர் விடை சொல்கிற வேகத்தை எந்த டுடோரியல் காலேஜும் கற்றுத்தர முடியாது. கேள்வியை முழுசாகப் படிக்கும் முன்பே சொல்லிவிடுவார். எல்லாக் கேள்விக்கும் அவருக்கு ஒரே விடைதான்:

"டாக்டருக்குத் தெரிவிப்பது!"

சர்வீஸில் அவரைக் காப்பாற்றிய விடை அது. மேலே அனுப்பிவிட்டால் நம் கை சுத்தம். ஆனால் நர்ஸிங் கேள்வியில் அதுதான் எலிப்பொறியில் வைத்த மசால்வடை. டாக்டருக்கு போன் அடித்தால் அவர் கேட்கப் போகிற முதல் கேள்வி, "பேஷன்ட் எப்படி இருக்கார்?" என்பது. அதைப் பார்க்காமலே போன் அடித்தவர் என்ன சொல்வார்? முதலில் பார், உன் கையால் உடனே செய்ய வேண்டியது இருந்தால் செய், பிறகு சொல். பார்த்து, செய்து முடித்தாகிவிட்டது என்று கேள்வியிலேயே எழுதியிருந்தால் மட்டும் சூபரின்டெண்டென்ட் சாருக்கு மார்க் உண்டு.

இந்தக் கேள்விகளில் இன்னொரு குறும்பு. நாம் எழுதின பரீட்சைகளில் நான்கு விடைகளில் மூன்று தப்பாக இருக்கும். இதில் பல சமயம் நான்குமே சரி. நான்கையும் நர்ஸ் செய்யத்தான் வேண்டும். கேள்வி அதுவல்ல. எதை முதலில் செய்வாய்?

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கு 'என்க்ளெக்ஸ்' என்று ஒரு பரீட்சை இருக்கிறதே, அது இந்த வம்பை முழுநேரத் தொழிலாகவே வைத்திருக்கிறது. 1994-லேயே காகிதத்தை ஒழித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார்கள். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் சுலபமாக்கும். நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் தானே நிறுத்திக்கொள்ளும். 2023 ஏப்ரலில் வந்த முறைப்படி, குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150, நேரம் ஐந்து மணி. 85-வது கேள்வியில் திரை அணைந்தால் பாஸா, ஃபெயிலா என்று தெரியாது. இரண்டுமே சாத்தியம். பெண் பார்த்துவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள்!

சரி, அடுத்த கேள்வி. வார்டில் நான்கு பேர். யாரை முதலில் பார்ப்பீர்கள்?

அ) நேற்று ஆபரேஷன் ஆனவர். 'வலி தாங்கலையே' என்று கத்துகிறார்.
ஆ) சர்க்கரை 250 இருக்கிற நோயாளி. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.
இ) ஆஸ்துமா நோயாளி. ஒரு மணி நேரமாக வீசிங். விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது இப்போது நின்றுவிட்டது. கண் சொருகுகிறது.
ஈ) டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர். பில் எங்கே என்று மூன்று தரம் வந்து சண்டை போட்டுவிட்டார்.

சூபரின்டெண்டென்ட் சார் யோசிக்கவே இல்லை. "ஈ! அவரை முதல்ல அனுப்புப்பா. பெட் காலியாகும்" என்றார். அவர் மனைவி மாடியிலிருந்தே, "பாவம், வலின்னு கத்தறவரைப் பாரு தம்பி" என்றார். ஆஸ்துமாக்காரரைப் பற்றி இருவருமே, "அதான் இழுப்பு நின்னுடுச்சே, தூங்கறார் போல" என்று முடித்துவிட்டார்கள்.

விடை 'இ'. விசில் சத்தம் வர வேண்டுமானால் காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும். மூச்சுக்குழல் சுருங்கிச் சுருங்கி, காற்றே சரியாகப் போகாத நிலை வந்தால் விசிலும் நின்றுவிடும். 'சைலன்ட் செஸ்ட்' என்பார்கள். கூடவே கண் சொருகினால் இன்னும் சில நிமிஷத்தில் மூச்சே நின்றுவிடலாம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது; அதனால்தான் கத்த முடிகிறது. சத்தம் போடுகிறவரை விட, சத்தம் நின்றுபோனவருக்குத்தான் முதல் உரிமை.

ஆபீஸிலும் இதுதானே கதை? தினம் போன் போட்டுக் கத்துகிற பார்ட்டியின் ஃபைல் மேலே வந்துவிடுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு நாள் பேச்சையே நிறுத்திக்கொண்ட விதவைப் பென்ஷன்காரியின் ஃபைல் அடியில் கிடக்கிறது. சத்தம் நின்றதும், 'அந்தம்மா பிரச்னை தீர்ந்திருக்கும்' என்று நாமாக எழுதிக்கொள்கிறோம்.

கணக்கும் உண்டு. 'ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?' ஆயிரத்தை 20-ஆல் பெருக்கினால் இருபதாயிரம் சொட்டு. எட்டு மணி என்பது 480 நிமிஷம். வகுத்தால் 41.67, அதாவது 42. ஏழாங்கிளாஸ் கணக்குதான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, முப்பது நோயாளிகளுக்கு நடுவில், ஒருவர் பெட்பேன் கேட்டுக்கொண்டும் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டும் இருக்கும்போது போட வேண்டிய ஏழாங்கிளாஸ் கணக்கு. டிஜாக்சின் மாத்திரை கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிஷம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டும். 15 செகண்ட் எண்ணி நான்கால் பெருக்குகிற சாமர்த்தியம் இங்கே செல்லாது. வீட்டில் நாம் சம்பளத்தை எண்ணுகிற மாதிரி முழுசாக எண்ணியாக வேண்டும்.

நம்மை நேராக உதைக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. கான்சர் நோயாளி ஒருவர் கேட்கிறார்: "நான் பிழைக்க மாட்டேனா?" நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்?

அ) "சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."
ஆ) "ஏன் இப்படி நினைக்கறீங்க?"
இ) "எல்லாரும் ஒரு நாள் போகவேண்டியவங்கதானே..."
ஈ) "அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க போல. என்ன தோணுது, சொல்லுங்க."

ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிற தமிழ்ச் சாதி, தலைமுறை தலைமுறையாக 'அ'வையும் 'இ'யையும்தான் சொல்லி வந்திருக்கிறது. சிலர் போனஸாக, "என் சித்தப்பாவுக்கும் இதேதான்..." என்று ஆரம்பித்து, சித்தப்பா பத்தாம் நாள் காரியத்தில் கொண்டு போய் முடிப்பார்கள். விடை 'ஈ'. 'ஒண்ணும் ஆகாது' என்றால், அவர் மேற்கொண்டு பேச வந்ததை வாயிலேயே அடைத்துவிடுகிறோம். 'ஏன்' என்று கேட்டால் கோர்ட்டில் கூண்டில் ஏற்றின மாதிரி அவர் காரணம் தேட வேண்டியிருக்கும். 'சொல்லுங்க' என்றால் மட்டும்தான் சொல்வார்.

"மாமா, இந்த ஒரு கேள்வியைப் படிச்ச பிறகு நான் வார்டுல பேசறதே மாறிடுச்சு" என்றான் மாப்பிள்ளை. "முன்னாடி ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவேன். இப்போ ரெண்டே நிமிஷம்தான், ஆனா நான் பேசறதில்லை."

இதுவரை நோயாளியைக் கவனிக்கிற கேள்விகள். இனி ஆராய்ச்சிக் கேள்விகள். கேள்வித் தொகுப்பில் அந்தப் பக்கம் வந்ததும் மாப்பிள்ளை கொட்டாவி விடுவான். "ஊசி போடறவனுக்கு எதுக்கு மாமா 'நல் ஹைப்பாதிசிஸ்'?" என்பான்.

நியாயமான கேள்வி. ஆனால் நர்ஸ் தொழிலை நிமிர்த்தி வைத்த அம்மாளே ஒரு கணக்குப்பிள்ளைதான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்குக் கை விளக்குதான் ஞாபகம் வரும். 1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனவர், விளக்கோடு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார். செத்த சிப்பாய்களின் கணக்கை எழுதி, திரும்பி வந்து 1858-ல் வட்டமாக, இதழ் இதழாக ஒரு படம் போட்டு வெளியிட்டார். குண்டடியில் செத்தவர்களை விட, தடுத்திருக்கக் கூடிய தொற்று நோயில் செத்தவர்கள் பல மடங்கு அதிகம் என்பது பார்த்த உடனே மந்திரிகளுக்கும் புரிந்தது. மந்திரிகளுக்கே புரிகிற மாதிரி கணக்கை வரைவது லேசான காரியமா?

'நல் ஹைப்பாதிசிஸ்' ஒன்றும் பூதம் இல்லை. 'நான் லேட்டாக வருவதற்கும் மானேஜர் முகம் கடுகடுப்பதற்கும் சம்பந்தமே கிடையாது' என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு லேட்டான நாள், லேட்டாகாத நாள் எல்லாவற்றையும் குறித்துப் பார்த்து, அதைத் தூக்கிக் குப்பையில் போட ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

'ஹாதார்ன் விளைவு' என்று ஒன்று தவறாமல் கேட்பார்கள். சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சி நடத்தினார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை அதிகம் நடக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். நம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆட்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் என்ற கருத்துக்கு அந்த ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது. பெரிய ஆபீஸர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றதும் செக்ஷன் முழுக்க ஃபைலில் தலையை விடுகிறதே, அதேதான். வார்டில் கை கழுவுகிறார்களா என்று ஒருவர் நோட்டோடு நின்றால் எல்லோரும் கழுவுவார்கள். அவர் டீ குடிக்கப் போன பிறகு கழுவுகிறார்களா என்பதுதான் தெரிய வேண்டியது.

ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்பதற்கு இன்னும் பெரிய காரணம், விடைகள் மாறுகின்றன. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டில் பெரிய டாக்டர்களே புத்தகத்தில் எழுதினார்கள். தொட்டிலில் தூங்குகிற குழந்தை காரணமே தெரியாமல் இறந்துபோகிற சம்பவங்களை ஆராய்ந்தபோது, குப்புறப் படுத்த குழந்தைகளே அதிகம் என்று தெரிந்தது. 1994-ல் அமெரிக்காவில் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் செய்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் அந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப் பாதை என்று சொல்லிக்கொடுத்தது போய், 2010-லிருந்து முதலில் நெஞ்சை அழுத்து என்று அமெரிக்க இதய சங்கம் வரிசையையே மாற்றியது. ஆகவே தேர்வு எழுதும் தம்பிகளே, பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று அப்பா காலத்து கைடை வைத்துப் படிக்காதீர்கள். மார்க் போனால் பரவாயில்லை. மறுநாள் வார்டில் அதே விடையைச் செய்வீர்கள்.

இப்போது, கேள்வித் தொகுப்பிலேயே எங்கள் வராந்தாவைச் சத்தமில்லாமல் ஆக்கிய கேள்விக்கு வருகிறேன்.

'புதிய மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருக்கும் நோயாளி, பாதியில் நர்ஸிடம், "எனக்கு இது வேண்டாம்" என்கிறார். நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்?' கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே, முடித்துத்தான் ஆக வேண்டும்; டாக்டர் கோபித்துக்கொள்வார்; இன்னும் இரண்டு ஊசிதானே... இப்படி மூன்று விடை. நான்காவது: 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையாது. ஆராய்ச்சி டாக்டரிடம் நான் சொல்கிறேன்.'

விடை நான்காவது என்று குழந்தை கூடச் சொல்லும். ஆனால் இந்த விடை சும்மா வந்துவிடவில்லை. 1932-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊரில் அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தது. சிபிலிஸ் என்ற மேகநோய் வந்த 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். ஏழை விவசாயிகள். அவர்களிடம், 'உங்களுக்குக் கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம்' என்றார்கள். வைத்தியம் பார்க்கவில்லை. நோயை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940-களில் பென்சிலின் வந்து இந்த நோய் குணமாகும் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதைக்கூட, 'விசேஷ இலவச சிகிச்சை' என்று லெட்டர் போட்டுக் கூப்பிட்டார்கள். 1972-ல் பத்திரிகையில் வெளிவந்து நாறிய பிறகுதான் நின்றது. நாற்பது வருஷம்!

இதில் ஒரு நர்ஸ் இருந்தார். யூனிஸ் ரிவர்ஸ். அவரும் கறுப்பினப் பெண்மணி. ஆரம்பத்திலிருந்தே இருந்தவர். தன் காரில் அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார், வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பார். டாக்டர்கள் வந்தார்கள், மாறினார்கள். அந்த ஜனங்கள் நம்பியது அந்த அம்மாளை. 1958-ல் இந்தச் சேவைக்காக அரசு அவருக்கு விருதே கொடுத்தது. அவர் கெட்டவரா, கிடைத்த சின்ன உதவியையாவது தம் ஜனங்களுக்கு வாங்கிக்கொடுக்க நினைத்தவரா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். அவர் முகத்தை நம்பித்தான் அவர்கள் அந்தக் காரில் ஏறினார்கள்.

1974-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1979-ல் 'பெல்மான்ட் அறிக்கை' மூன்று விதி சொன்னது: மனிதரை மதி, நன்மை செய், நியாயமாக நட. 1997-ல் ஜனாதிபதி கிளின்டன் உயிரோடு இருந்தவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இந்த மூன்று விதிகள் இன்றைக்கு நான்கு விடைகளில் ஒன்றாக, ஒரு மார்க்காக, மாப்பிள்ளையின் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அமெரிக்கக் கதைதானே என்று சாய்ந்து உட்கார வேண்டாம். 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளி மாணவிகளுக்கு ஒரு தடுப்பூசித் திட்டம் நடந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. அந்த ஊசியில் குற்றமில்லை, உலகம் முழுக்கப் போடுகிறார்கள். ஆனால் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் ஹாஸ்டல் வார்டனே போட்டுவிட்டார். நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இந்தியாவில் 2019-ல் வந்த மருந்துப் பரிசோதனை விதிகள், விவரங்களை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும்.

அன்றைக்கு மாப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு ஒரு விஷயம் சொன்னான். அவன் வார்டில் ஒரு பெரியவர். மறுநாள் காலை ஆபரேஷன். மகன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ராத்திரி டெம்பரேச்சர் பார்க்கப் போனவனிடம் பெரியவர் மெதுவாகக் கேட்டாராம்: "தம்பி, எனக்கு எதை எடுக்கப் போறாங்க?"

கேஸ் ஷீட்டில் எல்லாம் இருந்தது. பெரியவர் தெளிவாக இருக்கிறார், பேசுகிறார். அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை. "நானே சொல்லியிருக்கலாம் மாமா. ஆனா ஆபரேஷனை விளக்க வேண்டியது டாக்டர். அவருக்குப் புரியலைன்னு கண்டுபிடிச்சு, நிறுத்தி, டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது நான். அதான் விடை" என்றான். டியூட்டி டாக்டருக்குச் சொன்னான். "ராத்திரி பதினோரு மணிக்கு இது ஒரு பிரச்னையா?" என்று திட்டு விழுந்தது. கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தான். காலையில் சர்ஜன் அதைப் படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டுக் காகிதத்தில் படம் வரைந்து, பத்து நிமிஷம் சொன்னார். பெரியவர் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "சரிங்க" என்று தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சூபரின்டெண்டென்ட் சார் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இங்கே 'டாக்டருக்குத் தெரிவிப்பது'தானேப்பா விடை?" என்றார்.

"ஆமாம் சார். ஆனா பெரியவரைப் பார்த்த பிறகு" என்றான்.

நீங்கள் நர்ஸ் பரீட்சை எழுதப் போவதில்லை. ஆனால் என்றைக்காவது ஒரு நாள் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் போகிறீர்கள். அட்மிஷன் கவுன்டரில் நான்கு பக்கம் அச்சடித்த காகிதத்தை நீட்டி, பேனா வைத்த இடத்தைக் காட்டி, "இங்கே, இங்கே, இங்கே" என்பார்கள். ஆபீஸில் தினம் ஐம்பது இடத்தில் இனிஷியல் போட்டுப் பழகின கை, தானாக ஓடும். அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். உயிர் ஊசலாடுகிற அவசரத்தில் இந்த விசாரணை வேண்டாம். மற்ற நேரத்தில் யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள நியாயம் இல்லை. கூச்சமாக இருந்தால் பக்கத்தில் நிற்கிற சிஸ்டரிடமோ பிரதரிடமோ, "எங்களுக்குப் புரியலை" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் பரீட்சைக்குப் படித்திருக்கிறார்.

இனி கடைசிக் கேள்வி. உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன். காகிதம் உங்கள் கையில், பேனா தயார், வெளியே தம்பியும் மச்சானும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அ) கையெழுத்துப் போடுவது.
ஆ) மச்சானைக் கேட்பது.
இ) பணத்துக்கு ஏற்பாடு செய்வது.
ஈ) அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்பது.

நான்குமே செய்ய வேண்டியதுதான். எது முதலில்? தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மார்க் குறைப்பதோடு விடுகிற பரீட்சை இல்லை இது. யோசித்துப் போடுங்கள். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. பஸ்ஸைப் பிடியுங்கள்!